டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: ஊர் வழக்கோடு வழக்காடிய மாணவி

எந்தக் கல்லூரிக்கும் பெருமையோடு பெயர் சொல்லிக்கொள்ள ஒரு பழைய மாணவர் இருப்பார். ஆண்டு விழா மேடையில் அவர் பெயர்தான் முதலில் வரும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரிக்கு அப்படி வாய்த்தவர் முத்துலட்சுமி. ஆனால் அவர் அங்கே சேர வந்தபோது கல்லூரிக்கு அவர் பெருமையாகத் தெரியவில்லை. தலைவலியாகத்தான் தெரிந்தார்!

அவரைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். முதல் பெண் சட்டசபை உறுப்பினர், தேவதாசி முறை ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று நாலு வரி வரும். பரீட்சைக்கு அது போதும். எனக்கு அந்த நாலு வரிக்கு இடையில் இருக்கிற ஒரு விஷயம்தான் பல நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கிறது. கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டி விடுவது புண்ணியம் என்று ஊரே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அறுபது வருஷத்துக்குள் அதே ஊர் அதைப் பாவம் என்றது, அசிங்கம் என்றது. இது எப்படி நடந்தது? ஜனங்கள் எல்லோரும் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து யோசித்தா மனசை மாற்றிக்கொண்டார்கள்? முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30-ல், புதுக்கோட்டையில். அப்பா நாராயணசாமி ஐயர், கல்வித் துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசையும் நடனமும் குலத் தொழிலாக இருந்த தேவதாசி மரபில் வந்தவர். இப்படி ஒரு வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு அந்தக் காலத்தில் ஊர் எந்த இடத்தைக் கொடுக்கும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் உறவுக்காரர்கள் பக்கம் அவருக்குக் கதவு திறக்காது. அம்மாவின் பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே என்ன இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போய் வர வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து, தளிச்சேரி என்ற தெருக்களில் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் கொடுத்த கணக்கு அது. ஒரு பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் விளைச்சல், வருஷத்துக்கு 100 கலம் நெல். 400 பேருடைய பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டியிருக்கிறது. அரசாங்க ஊழியர் பட்டியல் மாதிரியே இருக்கும். அந்தப் பெண்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவதாசிகளும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது; ஆயிரம் வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மாறாமல் வந்தது. கோயில் ஊழியத்துக்கு நிலம் என்கிற ஏற்பாடுதான் அது.

மானிய நிலம் ஊழியத்தோடு கட்டப்பட்டது. பாடி ஆடி, கும்ப ஆரத்தி எடுக்கிற பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கும் வரைக்கும்தான் நிலம். அவளுக்குப் பிறகு ஊழியத்துக்கு ஒரு பெண் வேண்டும். பெறாவிட்டால் தத்து எடுக்க வேண்டும். எடுத்த பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாக வேண்டும். இல்லையென்றால் நிலம் கையை விட்டுப் போய்விடும். பக்தி, மரபு, கலை எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருந்தது சோறு. ஒரு பெண்ணின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது அம்மாவின் மனசு மட்டுமில்லை, நிலத்தின் பத்திரமும்தான்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மற்ற வீட்டுப் பெண்களுக்கு எழுத்தறிவு இல்லாத காலத்தில் இந்த வீட்டுப் பெண்களுக்குப் படிப்பும் இசையும் இருந்தது. சொத்து அம்மாவிடமிருந்து பெண்ணுக்குப் போகும். விதவை என்ற கோலம் இவர்களுக்குக் கிடையாது. தெய்வத்துக்கு மனைவி ஆனவள் நித்திய சுமங்கலி அல்லவா! அதனால் கல்யாண வீடுகளில் இவர்கள் வருகையை மங்கலம் என்று வரவேற்றார்கள். அதே கல்யாண வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைக்கு இந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். பெரிய மனுஷர்களும் மிராசுதார்களும் இந்த வீடுகளுக்கு ஆதரவு என்ற பெயரில் உறவு வைத்துக்கொள்வார்கள். முறையான மனைவி வேறு வீட்டில் இருப்பாள். பொட்டுக் கட்டும் சிறுமிக்கு இதில் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

இங்கிலீஷ்காரன் வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அரசர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தஞ்சை அரசு 1855-ல் முடிந்துபோனது. நீதிமன்றங்களோ இரண்டு நாக்கால் பேசின. சிவில் வழக்கில் இந்தச் சமூகத்தின் தத்து வழக்கத்தையும் சொத்துரிமையையும் ஒப்புக்கொண்டார்கள். கிரிமினல் வழக்கில், 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 372, 373 பிரிவுகளைக் காட்டி, சிறுமியைப் பொட்டுக் கட்டுவது விபசாரத்துக்கு விற்பதற்குச் சமம் என்றார்கள். ஒரே கோர்ட்டு வளாகத்தில் ஒரு அறையில் மரபு, அடுத்த அறையில் குற்றம்! பிறகு இங்கிலீஷ் படித்த நம்மவர்கள் சதிராட்டத்துக்குப் போகக்கூடாது என்று இயக்கம் ஆரம்பித்தார்கள். 1893-ல் சென்னைச் சமூகச் சீர்திருத்தக்காரர்கள் வைஸ்ராய்க்கும் கவர்னருக்கும் ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள்: இத்தகைய ஆட்டங்கள் நடக்கும் விருந்துகளுக்கு நீங்கள் போகக்கூடாது என்று. இரண்டு துரைகளுமே மறுத்துவிட்டார்கள். தாங்கள் போன இடத்தில் தப்பாக எதையும் பார்க்கவில்லை என்பது அவர்கள் பதில். ஆனாலும் பேச்சு பரவியது, பத்திரிகை எழுதியது, வக்கீல்களும் வாத்தியார்களும் சதிர்க் கச்சேரிக்குப் போவதை மெல்ல நிறுத்தினார்கள்.

முத்துலட்சுமிக்கு அப்போது ஏழு வயசு.

வீட்டில் படித்து, தனியாகவே மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதித் தேறினார். அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண் அங்கே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அதிலும் இவர் இன்ன அம்மாவுக்குப் பிறந்தவர் என்பதை வைத்து எழுந்த எதிர்ப்பு வேறு. பையன்கள் கெட்டுப்போவதற்குப் பெண் வர வேண்டுமா என்ன, அது வேறு விஷயம்! கடைசியில் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முத்துலட்சுமி பிறந்த அதே 1886-ல் பட்டத்துக்கு வந்தவர் அவர். சமஸ்தானத்தில் ராஜா வார்த்தைக்கு மறுவார்த்தை ஏது? முணுமுணுத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பாடம் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. ஊரின் அபிப்பிராயம் மாறிய பிறகு கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. ராஜாவின் உத்தரவால் சேர்த்தார்கள். அவர் தேர்வில் நன்றாகத் தேறினார். பிறகுதான் ஊருக்கு அது பழகியது. அபிப்பிராயம் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. சட்டசபைக்குப் போன பிறகும் அம்மையார் இதே வழியைத்தான் பிடித்தார் என்று நினைக்கிறேன். முதலில் விதியை மாற்று, மனசு பிறகு வரும் என்பது அவர் போக்கு. சின்ன வயசில் அனுபவத்தில் கண்டது அல்லவா!

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பதக்கங்களோடு மருத்துவப் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர்தான் என்று சிலர் மேடையில் பேசிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் முன்பே இருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே 1875-ல் மேரி ஷார்லீப் முதலான நான்கு பெண்கள் சேர்ந்து படித்தார்கள். முதல் என்ற பட்டம் இல்லாவிட்டால் என்ன, அம்மையாருக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. எழும்பூர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்தார்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுச் செய்துகொண்ட கல்யாணம். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தார்கள். இரண்டு ஜாதி சேரும் கல்யாணத்துக்கு அப்போது சட்டத்தில் இருந்த வழி அது ஒன்றுதான். அந்தச் சட்டத்தின்கீழ் மணக்கிறவர்கள் நாங்கள் இந்துக்களும் இல்லை, வேறு இன்ன மதத்தவரும் இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும்! ஜாதியைத் தாண்டுவதற்கு மதத்தையே விடச் சொன்ன சட்டம் அது. 1923-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோரோடு முத்துலட்சுமியும் அதில் வேலை செய்தார். 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியில் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. இந்தியாவிலேயே முதல் மாகாணம் அதுதான். 1926-ல் பெண்கள் சட்டசபையில் உட்காரலாம் என்று வந்தது. அந்த வருஷத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்தியாய நின்று, கொஞ்சம் ஓட்டில் தோற்றார். அரசாங்கம் முத்துலட்சுமியை நியமன உறுப்பினராக்கியது. சபை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்த மாணவி, இப்போது சபையையே நடத்தும் நாற்காலியில்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டது. சபை ஏற்றது. மைசூர் சமஸ்தானம் 1909-லேயே கோயில்களில் இந்த ஊழியத்தை நிறுத்தியிருந்தது முன்மாதிரியாக இருந்தது. ஆனால் என்னைக் கேட்டால், அம்மையாரின் உண்மையான புத்திசாலித்தனம் 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் வந்த திருத்தம் அது. தேவதாசிகளின் மானிய நிலத்தை ஊழியக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டது. நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். அதற்காகக் கோயிலில் ஊழியம் செய்ய வேண்டாம். மகளுக்குப் பொட்டுக் கட்டவும் வேண்டாம். முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே கத்தி வைத்தார். உபதேசம் செய்துகொண்டே இருந்திருந்தால் நூறு வருஷம் ஆகியிருக்கும்.

எதிர்ப்பு நாலு பக்கமும் வந்தது. சாஸ்திரம் பேசியவர்கள் எதிர்த்தார்கள். காங்கிரசின் பெரிய பேச்சாளர் சத்தியமூர்த்தி எதிர்த்தவர்களில் ஒருவர். இவையெல்லாம் எதிர்பார்த்ததுதான். நாம் அதிகம் பேசாத எதிர்ப்பு ஒன்று உண்டு. தேவதாசிப் பெண்களே சங்கம் வைத்து, அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். எங்களையும் விபசாரத்தையும் ஒன்றாக்காதீர்கள். எங்களுக்குத் தனி மரபு, கல்வி, சமய வாழ்க்கை இருக்கிறது. சீர்திருத்த வேண்டுமானால் படிப்புக் கொடுங்கள், ஒழிக்காதீர்கள் என்பது அதன் சாரம். பெங்களூர் நாகரத்தினம்மாள் இவர்கள் பக்கம் நின்றார். சாதாரண ஆள் இல்லை அவர். திருவையாற்றில் தியாகராஜ சுவாமி சமாதியில் தன் சொத்தைக் கொட்டிக் கோயில் எழுப்பியவர். முத்துப்பழனி என்ற தஞ்சைத் தேவதாசி எழுதிய தெலுங்குக் காவியத்தை 1910-ல் பதிப்பித்து, ஆபாசம் என்று அரசாங்கம் தடை போட்டபோதும் கலங்காதவர். அவரும் படித்தவர், பக்தர், தைரியசாலி. முத்துலட்சுமியும் அப்படியே. இரண்டு பேரும் எதிரெதிர் பக்கம்.

அம்மையார் இந்த மனுக்களுக்குப் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை. டாக்டர் என்ற முறையில் அவர் பார்த்தது பொட்டுக் கட்டப்பட்ட சிறுமிகளையும் நோய்களையும். அந்தச் சிறுமிகளுக்காகத்தான் பேசினார். அதில் அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. பத்து வயசுக் குழந்தைக்கு மரபின் அழகைக் காட்டி என்ன பிரயோஜனம்? ஆனால் மனு கொடுத்த பெண்கள் பயந்ததும் பொய்யாகவில்லை. ஒழிப்புப் பிரசாரம் மேடைக்கு மேடை நடக்க நடக்க, முறை கெட்டது என்ற பேச்சு, அந்தப் பெண்கள் கெட்டவர்கள் என்று ஜனங்கள் காதில் விழுந்தது. பத்திரிகை, சினிமா, திண்ணைப் பேச்சு எல்லாம் சேர்ந்து அந்த வார்த்தையையே வசைச் சொல்லாக்கிவிட்டன. அவர்களிடம் போய்வந்த மிராசுதாருக்கு மட்டும் ஒரு வசைச் சொல்லும் ஒட்டவில்லை, கவனித்தீர்களா?

உள்ளேயிருந்தே வந்த குரலும் உண்டு. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே மரபில் வளர்ந்து, காங்கிரசிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்ப் பொட்டறுப்புக்குப் பிரசாரம் செய்தார். 1936-ல் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். அந்தச் சமூகத்து ஆண்களும் இசை வேளாளர் என்ற பெயரில் ஒன்று திரண்டு, ஒழிப்பை ஆதரித்தார்கள். மானமும் ஒரு காரணம். சொத்து இனி ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

1930-ல் பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை முத்துலட்சுமி கொண்டுவந்தார். அதற்குள் உப்பு சத்தியாக்கிரகம். மே மாதம் காந்தி கைதானார். அம்மையார் தன் பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். கையில் எடுத்த மசோதா பாதியில் நிற்கும் என்று தெரிந்தும் செய்தார். அந்த மசோதா சட்டமாக 17 வருஷம் ஆயிற்று. 1947-ல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் நிறைவேறியது. அது பொட்டுக் கட்டுவதைத் தடுத்ததோடு, கோயிலிலும் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையே தடை செய்தது.

நடுவே நடந்த இன்னொரு கதை பாருங்கள். 1932-ல் சதிரைப் பற்றிப் பத்திரிகைகளில் அம்மையாருக்கும் வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் பெரிய வாதம் நடந்தது. பொது விழாக்களில் அந்த ஆட்டம் கூடாது என்றார் இவர்; கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றார் அவர். ஏறக்குறைய அதே சமயத்தில் சென்னை மியூசிக் அகாதமி சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயரைச் சூட்டி மேடை கொடுத்தது. 1935-ல் அடையாற்றில் ருக்மிணி தேவி ஆடினார். அதோடு, நல்ல குடும்பம் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் வீட்டுப் பெண்கள் நாட்டியம் கற்க வரிசையில் நின்றார்கள். கலை அதே கலை, நட்டுவனாரும் பெரும்பாலும் அதே நட்டுவனார். பெயரும் மேடையும் ஆடுகிறவர் வீடும் மாறியதும் ஊர் கை தட்டியது. பழைய வீடுகளிலிருந்து பாலசரஸ்வதி போல மிகச் சிலர்தான் அந்த மேடையில் நிலைத்து நின்றார்கள்.

சட்டம் போட்டால் சோறு வராது என்பதும் டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தேவதாசி வீடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பெண்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ள மறுத்த நிலையில், தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். 1930-ல் அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். படிக்க வைத்து, நர்சாகவும் ஆசிரியையாகவும் அவர்களை ஆக்கி அனுப்பினார். ஜாதி கேட்காமல் சேர்த்தார்.

புற்றுநோய் மருத்துவமனைக் கதையைத் தனியாகவே எழுதலாம். 1923-ல் தங்கை அந்த நோயில் இறந்தார். அது வந்தால் சாவுதான், செலவழித்து என்ன பயன் என்பதுதான் அன்று படித்தவர்களின் எண்ணமும். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1956-ல் பத்மபூஷண் வந்தது. 1968 ஜூலை 22-ல் அம்மையார் காலமானார்.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிப் பெண்களுக்கான நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயர் வைத்தார்கள். ஏழைப் பெண்களின் கல்யாண உதவித் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர். அந்தக் கல்யாண உதவியை 2022-ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் உயர்கல்வி உறுதித் திட்டம் ஆக்கினார்கள். புதுமைப் பெண் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இந்த மலரைப் படிக்கும் மாணவிகளில் சிலருடைய பாங்கிக் கணக்கில் அந்த ஆயிரம் ரூபாய் வந்து விழுந்திருக்கும். அந்த மரபை விட்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் பெயரில் வருகிற பணம் அது.